எழுதியவர் பெயர் எங்கே?

சென்ற மாதம் எங்கள் ஊர் வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஐயா, நல்லா இருக்குன்னுதானே நாலு பேருக்கு அனுப்புறோம்? அதுல என்ன தப்பு?” என்று கேட்டாள். அவள் கைபேசியில் ஒரு முழுச் சிறுகதை இருந்தது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தார்கள். கீழே எழுதியவர் பெயர் இல்லை. ‘படித்ததில் பிடித்தது’ என்று மட்டும் இருந்தது.

அந்த நேரத்துக்கு ஏதோ சுருக்கமாகச் சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் சொல்லியிருக்கலாமே என்று பட்டது. அச்சகத்தில் எழுத்துக் கோத்து, பிறகு மெய்ப்புத் திருத்தி, நடுவில் சொந்தக் காசைப் போட்டு ஒரு சிற்றிதழும் நடத்தி நாற்பது வருடம் ஓட்டியவன் நான். அடுத்தவர் எழுத்தைக் கையாள்வதில் செய்யக்கூடாததையும் செய்திருக்கிறேன். அதையும் மறைக்காமல் இதில் சொல்கிறேன். புதிதாக இணையத்தில் பகிரத் தொடங்கும் தம்பி, தங்கைகள் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பெயர்

ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்கிறது நன்னூல். அந்த எட்டில் முதலாவது, ஆக்கியோன் பெயர். நூலின் பெயர்கூட அதற்குப் பின்னால்தான் வருகிறது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சில பாட்டுகளை எழுதியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அப்படியே விட மனம் வராமல், பாட்டில் பளிச்சென்று நிற்கும் ஒரு தொடரை எடுத்து, அதையே புலவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். அதற்குப் பிறகும் பெயரில்லாமல் நின்றுபோன பாட்டுகள் உண்டு. ஆனால் தொகுத்தவர்கள் தம்மால் ஆனதைச் செய்தார்கள்.

நம் நிலைமை என்ன? கதையின் தலைப்புக்குக் கீழே பெயர் இருக்கிறது. திரையில் விரலை வைத்து நீல நிறத்தை இழுக்கும்போது, பெயருக்கு அடுத்த வரியிலிருந்து தொடங்குகிறோம். அரை அங்குலம் மேலே வைத்திருந்தால் பெயரும் சேர்ந்து வந்திருக்கும். நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இந்த அரை அங்குலத்தை மறக்காதீர்கள்.

2. ‘நன்றி: இணையம்’ என்று போடாதீர்கள்

இணையம் என்பவர் எந்த ஊர்க்காரர்? எத்தனை கதை எழுதியிருக்கிறார்? ‘நன்றி: வாட்ஸ்ஆப்’, ‘நன்றி: முகநூல்’ என்பதெல்லாம் தபால்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கடிதம் எழுதியவரை மறப்பது போன்றது.

உ.வே. சாமிநாதையர் பதிப்புகளின் முன்னுரையைப் புரட்டிப் பாருங்கள். எந்த ஊர், எவருடைய ஏடு, கொடுத்து உதவியவர் யார் என்று பட்டியலே இருக்கும். ஏட்டைத் தேடி வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர், அதைக் கொடுத்தவர்களை ஒருவர் விடாமல் எழுதிவைத்தார். நாம் இருந்த இடத்திலிருந்து அசையாமல் பத்து விநாடி தேடினால் போதும். கதையின் நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பல சமயம் முதலில் வெளிவந்த இடம் கிடைத்துவிடும். தேடியும் கிடைக்காவிட்டால் ‘எழுதியவர் பெயர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்து, முழுவதையும் போடாமல் ஒரு பத்தியோடு நிறுத்துங்கள்.

பெயர் இல்லாத எழுத்து கொஞ்ச நாள்தான் அனாதையாக இருக்கும். பிறகு யாராவது அதற்கு ஒரு பெரிய பெயரை ஒட்டிவிடுவார்கள். எனக்கே நடந்தது. அப்பாவின் சைக்கிளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். மேட்டில் மிதிக்கும்போது டைனமோ விளக்கு மங்குவதும் இறக்கத்தில் பிரகாசிப்பதும், அதை வைத்தே அப்பா எங்கே வருகிறார் என்று அம்மா வாசலில் நின்று கணிப்பதும் அதில் வரும். நாலு வருடம் கழித்து அந்தக் கட்டுரை எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கே வந்து சேர்ந்தது, நாடறிந்த ஒரு பெரியவர் பெயரில். அனுப்பியவன் என் மைத்துனன். கூடவே ஒரு குறிப்பு: “அத்தான், நீங்களும் இப்படி எழுதிப் பழகுங்க.” அது நான் எழுதியது என்று சொன்னேன். அவன் இன்றுவரை நம்பவில்லை.

3. பெயர் போட்டால் அனுமதி வாங்கியதாகிவிடாது

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. ‘இது கந்தசாமி வீட்டு மாடு’ என்று கழுத்தில் எழுதித் தொங்கவிட்டு ஓட்டிக்கொண்டு போனால் மாடு உங்களுடையது ஆகிவிடுமா?

இந்தியாவில் இதற்கான சட்டம் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அதன்படி ஒரு படைப்பை எழுதிய அந்தக் கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ‘பதிப்புரிமை ஆசிரியருக்கே’ என்று அச்சிட்டிருக்க வேண்டியதும் இல்லை. இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதாலும் உரிமை போய்விடுவதில்லை. வாசலில் கோலம் போட்டிருப்பது எல்லோரும் பார்க்கத்தான். அதற்காக வாசலைப் பெயர்த்துக்கொண்டு போகமுடியாது.

நகலெடுப்பது, பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வது, மொழிபெயர்ப்பது, நாடகமாகவோ படமாகவோ மாற்றுவது ஆகிய எல்லாமே உரிமையாளரின் சம்மதத்தோடு நடக்க வேண்டியவை. தெரிந்தே மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. லாபநோக்கம் இல்லாதபோது நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கதையைப் பகிர்ந்ததற்காக எந்தப் பிள்ளையும் ஜெயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

4. அறுபதுக் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள்

ஒரு படைப்பு எப்போது எல்லோருக்கும் பொதுவாகிறது? இந்தியாவில், எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். முன்பு 50 ஆண்டாக இருந்தது. ரவீந்திரநாத் தாகூர் 1941-இல் மறைந்தார். அவர் எழுத்துகளின் உரிமை 1991-உடன் முடியவிருந்த நேரத்தில்தான் 50 என்பது 60 ஆயிற்று.

கணக்கு எளிது. கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். 1955 ஜனவரியிலிருந்து எண்ணினால் 2014 டிசம்பரோடு 60 ஆண்டு முடிகிறது. சுஜாதா 2008-இல் மறைந்தார். 2068 முடியும்வரை உரிமை அவர் வாரிசுகளுக்கோ, அவர்கள் எழுதிக்கொடுத்தவர்களுக்கோ உரியது. ஜெயகாந்தன் 2015-இல் மறைந்தார். அவர் கதைகள் பொதுவாவதைப் பார்க்க 2076 பிறக்க வேண்டும். ‘அவர்தான் இறந்துவிட்டாரே, யாரைக் கேட்பது?’ என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் இறந்துவிட்டால் வீடு ஊர்ச்சொத்து ஆகிவிடுகிறதா?

இரண்டு சிறு குறிப்புகள். ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக வெளிவந்த நூலுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அடுத்து, நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70 ஆண்டு, மலேசியாவில் 50. யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ பகிர்கிறவர்கள் தங்கள் நாட்டுக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. பழைய நூலுக்குள் புதிய கை இருக்கிறதா என்று பாருங்கள்

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. அதன் எழுத்து இப்போது பொது. ஆனால் வந்தியத்தேவனையும் குந்தவையையும் நம் கண்ணுக்குள் நிறுத்திய ஓவியங்கள் மணியம் வரைந்தவை. மணியம் மறைந்தது 1968-இல். அந்தக் கணக்குப்படி ஓவியங்களின் உரிமை 2028 முடியும்வரை உயிரோடு இருக்கிறது. கதையை எடுக்கும் கை ஓவியத்தையும் சேர்த்து அள்ளக்கூடாது.

திருக்குறள் எல்லோருக்கும் பொது. பரிமேலழகர் உரையும் பொது. ஆனால் போன வருடம் ஒரு பேராசிரியர் எழுதிய எளிய உரை அவருடையது. செகாவ் 1904-இலேயே போய்விட்டார். அவரைத் தமிழில் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர் நம் காலத்தவராக இருக்கலாம். அவர் தமிழ் அவருக்குச் சொந்தம். பஷீர் போல 1994-இல் மறைந்தவர் என்றால் மூலத்துக்கும் உரிமை உண்டு, மொழிபெயர்ப்புக்கும் உண்டு. இரண்டு கதவையும் தட்ட வேண்டும். ஒரு புத்தகத்துக்குள் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

6. நாட்டுடைமை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது தமிழுக்கே வாய்த்த ஒரு நல்ல ஏற்பாடு. தொடக்கம் பாரதி. அவர் 1921-இல் மறைந்தார். பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி ஏவி.எம். நிறுவனத்திடம் இருந்தது. நாடே பாடவேண்டிய பாட்டுக்கு ஒருவர் உரிமையா என்ற கேள்வி எழுந்து, பாரதி விடுதலைக் கழகம் என்று ஓர் அமைப்பே தோன்றியது. 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு அந்த உரிமையைப் பெற்றது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பிறகு பாரதி எழுத்துகள் எல்லோருக்கும் பொதுவாயின. சட்டத்தின் போக்கிலேயே விட்டிருந்தால் 1971 வரை காத்திருந்திருக்க வேண்டும். இந்தக் கதையை முழுதாகத் தெரிந்துகொள்ள ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ படியுங்கள். துப்பறியும் நாவல் மாதிரிப் போகும்.

அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழறிஞர்களின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து உரிமையைப் பொதுவாக்குகிறது. புதுமைப்பித்தன் எழுத்துகள் அப்படித்தான் 2002-இல் நமக்கு வந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாரதியைத் திறந்துவிட ஊரே திரண்டபோதும், அவர் பாட்டைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. உரியவர்களிடம் கேட்டார்கள், பேசினார்கள், எழுதி வாங்கினார்கள். ‘பிரபலமானவர், ஆகவே நாட்டுடைமை ஆகியிருக்கும்’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் தனியாகவே இருக்கின்றன. அங்கே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

7. கொஞ்சம் எடுக்கலாம், ஆனால் எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்

சட்டத்தின் 52-ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டுக்கு வழி விட்டிருக்கிறது. உங்கள் சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும், விமர்சனம் எழுதவும், நடப்புச் செய்தியைச் சொல்லவும் ஒரு பகுதியை எடுத்தாளலாம். ‘முப்பது சொல் வரை தப்பில்லை’, ‘பத்து சதவீதம் வரை எடுக்கலாம்’ என்று ஆளாளுக்கு ஓர் எண் சொல்வார்கள். அப்படி எந்த எண்ணும் சட்டத்தில் கிடையாது. நோக்கம் என்ன, எவ்வளவு எடுத்தீர்கள், உங்கள் பதிவைப் படித்தவருக்கு மூலத்தைத் தேடிப்போகத் தோன்றுமா, இனித் தேவையில்லை என்று தோன்றுமா என்பதெல்லாம் சேர்ந்துதான் நியாயத்தைத் தீர்மானிக்கும்.

நாவலில் எட்டு வரி என்பது கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர். கவிதையில் எட்டு வரி என்பது சில சமயம் முழுக் கிணறு. கவிதை பகிர்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஆசிரியர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் உண்டு. பாடம் நடத்தும் தேவைக்காக நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடத் தொகுப்புகளை நகலெடுத்துக் கொடுத்த ஒரு கடைமேல் பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம் இந்த விலக்குக்கு வலுச்சேர்த்தது. அது வகுப்பறைக்கான சலுகை. ஐயாயிரம் பேர் இருக்கும் டெலிகிராம் குழுவை வகுப்பறை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

8. பிடிஎஃப் வள்ளல் ஆகாதீர்கள்

‘அந்த நாவல் பிடிஎஃப் இருக்கா?’ என்று ஒருவர் கேட்க, அடுத்த நிமிடமே இன்னொருவர் அனுப்பிவைக்க, பத்துப் பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். கொடுத்தவருக்கு வள்ளல் பட்டம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதை நம் ஊரில் என்றைக்கும் புண்ணியக் கணக்கில் சேர்த்ததில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். தமிழில் எழுதியவருக்குக் கிடைப்பது வழக்கமாகப் புத்தக விலையில் பத்து சதவீதம். 250 ரூபாய் நாவல் என்றால் ஒரு பிரதிக்கு 25 ரூபாய். 400 பிரதி விற்றால் 10,000 ரூபாய். அந்த நாவலை மூன்று வருடம் எழுதியிருந்தால் மாதத்துக்கு 300 ரூபாயைத் தொடாது. பதிப்பாளரோ தாள், அச்சு, கட்டுமானம், கடைக்காரர் கழிவு என்று எல்லாம் போக மிச்சத்தில் அடுத்த புத்தகத்தைப் பார்க்கிறவர். நானூறு பிரதி விற்கும் மொழியில் நூறு பேருக்குத் திருட்டுப் பிரதி போனால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

‘பணம் இல்லையே ஐயா’ என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கிளை நூலகத்தில் கேளுங்கள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கிக் கைமாற்றிப் படியுங்கள். அச்சுப் புத்தகத்தை இரவல் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வாங்கவே கிடைக்காத பழைய பதிப்பு என்றால் பதிப்பாளருக்கு எழுதுங்கள். ஐம்பது பேர் கேட்டால் அவர் மறுபதிப்புப் போட யோசிப்பார்.

9. வாசித்துக் காட்டுவதும் நகல்தான்

நல்ல குரல் இருக்கிறது, ஒரு மைக் இருக்கிறது, கதை வாசித்து யூடியூபில் போடுகிறேன் என்று சிலர் ஆசையோடு வருகிறார்கள். ஆசை நல்லது. வெளியான நூலிலிருந்து நியாயமான அளவு ஒரு பகுதியைப் பலர் முன்னிலையில் வாசிக்கச் சட்டம் இடம் தருகிறது. முழுக் கதையையும் பதிவு செய்து ஏற்றுவது அதில் அடங்காது. காகிதத்தில் இருந்தது காற்றில் வந்தால் உடைமை மாறிவிடாது. கேட்டுவிட்டு வாசியுங்கள். பெரும்பாலான எழுத்தாளர்கள் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். தன் கதையை இன்னொருவர் குரலில் கேட்கப் பிடிக்காதவர் யார்?

10. கருத்து பொது, சொல் சொந்தம்

ஒரு கட்டுரையில் படித்த கருத்தை நீங்கள் உங்கள் மொழியில் எழுதலாம், மறுக்கலாம், வளர்க்கலாம். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் தொடுத்த வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ‘அழகு’ இருந்த இடத்தில் ‘எழில்’ என்று போட்டு, வாக்கியத்தை முன்பின்னாகத் திருப்பிவைப்பது உங்கள் மொழி ஆகாது. இப்போது அந்த வேலையைக் கணினியே செய்து தருகிறது. யார் செய்தாலும் அது சாயம் ஏற்றிய பழைய வேட்டிதான்.

11. வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள்

என் தப்பைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? 1983. எங்கள் சிற்றிதழ், 24 பக்கம், 300 பிரதி. டிரெடில் மிஷினில் ஓட்டுவோம். ஒரு மூத்த எழுத்தாளர் கதை வேறொரு பத்திரிகையில் வந்திருந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் தூக்கமில்லை. அதை எங்கள் இதழில் போட்டேன். பெயர் போட்டேன், எந்தப் பத்திரிகையில் வந்தது என்றும் போட்டேன், ஆனால் அவரைக் கேட்கவில்லை. அதைவிட மோசம், கடைசிப் பக்கம் கோக்கும்போது பன்னிரண்டு வரி மிஞ்சியது. அடுத்த பக்கத்தில் விளம்பரம். அந்த ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த பணத்தில்தான் தாளே வாங்கியிருந்தோம். ஈய எழுத்துகள் கையில் இருக்க, கதையின் முடிவை ஒருமுறை படித்தேன். ‘இந்த வரிகள் இல்லாமலே கதை முடிந்துவிட்டதே’ என்று நானே தீர்ப்புச் சொல்லி, பன்னிரண்டு வரியையும் எடுத்துப் பெட்டியில் திருப்பிப் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் ஒரு பதினைந்து காசு அஞ்சலட்டை வந்தது. “என் கதையைத் தங்கள் இதழில் பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வரியைக் காணவில்லை. தங்களிடம் இருந்தால் அனுப்பி வைக்கவும்.” அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சட்டத்தின் 57-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும், ‘இதை எழுதியவன் நான்’ என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் எழுதியவரிடமே தங்கும். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் ‘ஆப்கா பன்ட்டி’ நாவலைப் படமாக்க உரிமை கொடுத்திருந்தார். படம் தன் கதையைத் திரித்துவிட்டது என்று வழக்குப் போட்டபோது, 1986-இல் டெல்லி உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவின் வலுவை எடுத்துச் சொன்னது. ஆகவே கதையைச் சுருக்காதீர்கள். முடிவில் நீதிவாக்கியம் சேர்க்காதீர்கள். நடுவில் இதயப் படங்களைத் தூவாதீர்கள். சாதியோ கெட்டவார்த்தையோ உறுத்துகிறது என்று சொல்லை மாற்றாதீர்கள். உறுத்தினால் அந்தக் கதையைப் பகிராமல் இருக்கலாம். அது உங்கள் உரிமை.

12. கேளுங்கள், கேட்கும் விதத்தில் கேளுங்கள்

புதியவர்களுக்குக் கூச்சம். பெரிய எழுத்தாளர் ஆயிற்றே, நம்மை மதித்துப் பதில் போடுவாரா என்ற தயக்கம். ஐந்து வரி போதும்:

“வணக்கம். நான் இன்னார், இன்ன ஊர். உங்களுடைய இந்தக் கதையை இந்த இதழில் படித்தேன். எங்கள் வாசிப்புக் குழுவில் 60 பேர் இருக்கிறோம். கதையை முழுமையாக, எந்த மாற்றமும் செய்யாமல், உங்கள் பெயரோடும் இதழின் பெயரோடும் ஒருமுறை பகிர அனுமதி வேண்டும். இதில் பண வசூல் எதுவும் இல்லை. தங்களுக்கு விருப்பமில்லை என்றால் சுட்டியை மட்டும் பகிர்ந்துகொள்கிறோம்.”

யார், எதை, எங்கே, எவ்வளவு பேருக்கு, காசுக்கா சும்மாவா என்ற ஐந்தும் இதில் வந்துவிட்டன. பதில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள். மௌனம் சம்மதம் என்பது கல்யாண வீட்டுப் பேச்சு, இங்கே செல்லாது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்காதீர்கள்.

எப்போதும் கைவசம் இருக்கும் எளிய வழி சுட்டிதான். தலைப்பு, எழுதியவர் பெயர், வந்த இடம், அந்தக் கதை உங்களை என்ன செய்தது என்று உங்கள் சொல்லில் மூன்று வாக்கியம், அதன் கீழே சுட்டி. இப்படிப் பகிர யார் அனுமதியும் வேண்டாம். அந்த மூன்று வாக்கியத்தை எழுதி எழுதியே நல்ல விமர்சகர் ஆனவர்களும் உண்டு.

13. திறந்த வீடுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கி, தன்னார்வலர்கள் உழைப்பில் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் நூலகம் திட்டம் இருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்கள் மனமுவந்து கொடுத்த மின்னூல்கள் கிடைக்கின்றன.

இவற்றில் பல இடங்களில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். எழுதியவரே ‘இந்த நிபந்தனைகளோடு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று முன்கூட்டியே கொடுத்த அனுமதி அது. நிபந்தனைகள் நான்கே: பெயர் சொல்ல வேண்டும், வியாபாரம் கூடாது, மாற்றக் கூடாது, மாற்றினால் அதையும் இதே அனுமதியோடு வெளியிட வேண்டும். எந்த நிபந்தனைகள் போட்டிருக்கிறது என்று பார்த்து எடுங்கள். பெயர் சொல்ல வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பவரும் பெயரை மட்டும் பிடித்துக்கொள்கிறார் பாருங்கள்.

14. உங்கள் எழுத்துக்கும் இதே மரியாதையைக் கேளுங்கள்

நாளைக்கு நீங்களும் எழுதுவீர்கள். ஒருவர் உங்கள் நூலை வெளியிட முன்வந்தால், உரிமை ஒப்படைப்பு எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாய்ப்பேச்சில் முடித்துவிட்டு ஆயுள் முழுக்க வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

15. தப்பு செய்துவிட்டால் உடனே சரிசெய்யுங்கள்

செய்வீர்கள்; நானும் செய்தேனே. எழுதியவரோ பதிப்பாளரோ கேட்டால் வாதாடாதீர்கள். ‘விளம்பரம்தானே கொடுத்தேன்’, ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் நீக்குங்கள். பிறகு மன்னிப்புக் கேளுங்கள். பெயர் விட்டுப்போயிருந்தால், அதே இடத்தில், அதே ஆட்களுக்குப் பெயரோடு மறுபடி சொல்லுங்கள். தப்பு போன தூரம் திருத்தமும் போக வேண்டும்.

அந்த அஞ்சலட்டை வந்த அன்று இரவு அச்சகத்தில் நான் மட்டும் உட்கார்ந்து அந்தப் பன்னிரண்டு வரியை மறுபடி கோத்தேன். அப்போதுதான் அந்த வரிகளை உண்மையில் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிவைக்கும்போது, அவை இல்லாமல் கதையே இல்லை என்று தெரிந்தது. அடுத்த இதழின் முதல் பக்கத்தில், ‘சென்ற இதழில் இந்த வரிகளை அனுமதியின்றி நீக்கியது எங்கள் தவறு’ என்ற குறிப்போடு அவற்றை மட்டும் அச்சிட்டேன். இதழையும், இருபத்தைந்து ரூபாய் மணியார்டரையும் அவருக்கு அனுப்பினேன். அப்போதைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மணியார்டர் திரும்பி வந்தது. அதைத் தொடர்ந்து இன்னோர் அஞ்சலட்டையும் வந்தது. அதில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. “வரிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன.”